டான் ஹில்லில் மூன்று இரவுகள்: ஒரு நவம்பர் பனியின் கணக்கு

2021 நவம்பர் 27, சனிக்கிழமை காலை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் மேட்டுநிலத்தில் தன்னந்தனியாக நிற்கிற டான் ஹில் இன் என்ற பப்பின் வாசலை மறித்து, ஆர்வென் என்ற புயல் கொண்டுவந்த பனி சுவர்போல நின்றது. முந்தின நாள் இரவு அங்கே நோயாசிஸ் என்ற குழுவின் கச்சேரி. ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகளை அப்படியே பாடிக் காட்டுவதுதான் அவர்கள் தொழில். கேட்க வந்தவர்கள், பாட வந்தவர்கள், பரிமாறுகிறவர்கள் என்று அறுபது பேருக்கு மேல் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். செய்திகளில் 61 என்று எண் வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவு அங்கேயே கழிந்தது. திங்கட்கிழமை பனி அள்ளும் வண்டி வழி திறந்த பிறகுதான் கார்கள் கீழே இறங்கின.

உலகம் முழுக்க இந்தச் செய்தி சிரித்த முகத்தோடு சுற்றியது. தரையில் மெத்தை விரித்துத் தூங்கினார்கள், வினாடி வினா நடத்தினார்கள், கரோக்கி பாடினார்கள், இசைக்குழு மறுபடியும் மேடையேறியது என்று படித்துவிட்டு "நமக்கு வாய்க்கவில்லையே" என்று பொறாமைப்பட்டவர்கள் நிறைய. ஆனால் அதே இரவில், அதே காற்றில், மரம் விழுந்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போயிருந்தது. ஆர்வென் புயலின் செலவுக் கணக்கில் டான் ஹில் ஒரு சில்லறை வரவு.

எனக்கு உறுத்தியது தேதியும் உயரமும். நவம்பர் கடைசி வாரம் இங்கிலாந்தில் பனிக்காலமே அல்ல. அங்கே மார்ச் மாதத்தில் பனி விழும் நாட்கள் டிசம்பரைவிட அதிகம். காரணம் கடல். கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் மெதுவாகத்தான் விடும். பிப்ரவரி, மார்ச்சில்தான் அது நன்றாகக் குளிர்ந்திருக்கும். நவம்பரில் நாலு பக்கமும் வெதுவெதுப்பான நீர் சூழ்ந்த தீவு பிரிட்டன். அதில் 528 மீட்டர் உயரத்தில், அதாவது பெரிய மலை என்று யாரும் சொல்ல மாட்டாத ஓரிடத்தில், மூன்று நாள் சாலை அடைபடும் அளவுக்குப் பனி எப்படிச் சேர்ந்தது?

மேலே போகும் முன் சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து வெள்ளையாக இறங்குவதும் பனி. இந்தக் கட்டுரையில் பனி என்றால் கடைசியாகச் சொன்னது மட்டும்தான்.

இடம்

528 மீட்டர், 1,732 அடி. பிரிட்டனிலேயே உயரமான பப் என்ற பட்டம் டான் ஹில்லுக்குத்தான். ஒருகாலத்தில் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களுக்காக நின்ற கடை இது. சுரங்கங்கள் மூடின, தொழிலாளர் வீடுகளும் போயின, பப் மட்டும் மிஞ்சியது. இன்று பென்னைன் வே நடைபாதையில் போகிறவர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் ஆட்டுக்காரர்களும்தான் வாடிக்கை. கறுப்பு முகமும் வெள்ளை மூக்கும் கொண்ட ஸ்வாலடேல் ஆடுகளுக்கு இந்தச் சுற்றுவட்டாரம்தான் தாய்வீடு. பக்கத்து ஊர் என்று சொல்ல கெல்ட் இருக்கிறது. அதுவே ஆறு கிலோமீட்டருக்கு மேல், அதுவே கையளவு ஊர்.

எவரெஸ்ட் என்ற ஜன்னல் கம்பெனி 1980-களில் இங்கே ஒரு விளம்பரம் எடுத்தது. டெட் மௌல்ட் என்ற தொலைக்காட்சிப் பிரமுகர் ஜன்னலுக்கு உள்பக்கம் ஓர் இறகைப் போடுவார். வெளியே காற்று ஊளையிடும், இறகு ஆடாமல் நேராக இறங்கும். பிரிட்டனிலேயே மோசமான காற்று எங்கே அடிக்கும் என்று தேடி வந்து எடுத்த விளம்பரம் அது. ஆக, டான் ஹில்லில் காற்று பேய்த்தனமாக வீசும் என்பது 2021-ல் கண்டுபிடித்த சங்கதி அல்ல.

வீசாமல் என்ன செய்யும்? பப்பைச் சுற்றி நாலா பக்கமும் மூர் எனப்படும் திறந்த மேட்டுவெளி. கீழே கரிச் சேறான பீட் மண், மேலே முழங்கால் உயர ஹீதர் புதரும் முரட்டுப் புல்லும். காற்றைத் தடுக்க மரம் என்று பெயருக்குக்கூட இல்லை. அந்த வெளியில் கோடு கிழித்ததுபோல ஒரு வண்டி அகலச் சாலைகள் ஏறி இறங்கிப் போகின்றன. சில இடங்களில் சாலை பக்கத்து நிலத்தைவிடத் தாழ்வு. இந்தத் தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

வடக்கிலிருந்து வந்த புயல்

பிரிட்டனின் குளிர்காலப் புயல்கள் பெரும்பாலும் அட்லாண்டிக்கிலிருந்து, மேற்கே இருந்து வருபவை. அவை கொண்டுவருவது ஈரமான, ஓரளவு சூடான காற்று. அதனால் ஏற்கெனவே பனி கிடந்தாலும் அதை மழையாகக் கரைத்துவிட்டுத்தான் போகும். அந்த ஊர்க்காரர்களின் உடம்பில் ஊறிய புயல் அனுபவம் அதுவே: தென்மேற்குக் காற்று, மழை, வெள்ளம்.

ஆர்வென் அந்த வழியில் வரவில்லை. அந்தத் தாழ்வழுத்தம் வடக்கே உருவாகி, பிரிட்டனுக்குக் கிழக்கே வட கடல் வழியாகத் தெற்கு நோக்கி இறங்கியது. வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். ஆகவே அதன் மேற்கு ஓரத்தில் மாட்டிக்கொண்ட பிரிட்டனுக்குக் கிடைத்தது நேர் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசிய காற்று. துருவப் பக்கத்துக் குளிர்க்காற்று. வரும் வழியில் இன்னும் சூடு தணியாத வட கடலைத் தடவி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்தது.

முன்னே சொன்ன வெதுவெதுப்பான கடலுக்கு இங்கே இரண்டு முகம். கரையோரத்தில் அது பனியைக் கெடுக்கும்: காற்றின் கீழடுக்கைச் சூடாக்கி, பனியை மழையாகவோ பாதி கரைந்த சகதியாகவோ மாற்றிவிடும். ஆனால் அதே கடல்தான் மேகத்துக்குத் தண்ணீரும் உயரே எழும்பச் சூடும் தருகிறது. காற்று மேட்டில் ஏறினால் அந்த ஈரம் பனியாகக் கொட்டும். கரையில் குடை பிடிக்கிறவருக்கும் மேட்டில் பனி வாருகிறவருக்கும் சரக்கு அனுப்புவது ஒரே கடல்தான். நவம்பர் மேட்டுப்பனியின் சூட்சுமம் இது.

நவம்பர் 26 பிற்பகல் 3 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி 2 மணி வரை ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்துக்கு பிரிட்டன் வானிலை அலுவலகம் காற்றுக்காகச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. அபூர்வமாகத்தான் அந்த நிறத்தை எடுப்பார்கள். நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லி வுட் நிலையத்தில் மணிக்கு 98 மைல், அதாவது சுமார் 158 கிலோமீட்டர் வேகத்தில் வீச்சு பதிவானது. மரங்கள் அத்தனை சாய்ந்ததற்கு வேகம் மட்டும் காரணமல்ல. தென்மேற்குக் காற்றை எதிர்த்தே வேரூன்றி வளர்ந்த மரங்களை ஆர்வென் முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளியது.

மூன்றரை டிகிரி

இப்போது டான் ஹில்லுக்குக் கணக்குப் போடலாம். உயரம் ஏற ஏற, சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குளிர் கூடும். 528 மீட்டருக்கு அது கிட்டத்தட்ட மூன்றரை டிகிரி. கடல் மட்டத்தில் 4 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பப் வாசலில் அரை டிகிரிதான் மிஞ்சும். கீழே எரிச்சலூட்டும் மழை. மேலே பனி ஆகலாமா வேண்டாமா என்று நிற்கிற நிலை.

அந்த ஊசலாட்டத்தைப் பனிப் பக்கம் சாய்க்க இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று, விழும் பனி கரையும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும். கொட்டிக்கொண்டே இருந்தால் காற்று தானாகப் பூஜ்ஜியம் நோக்கி இறங்கும். மழையாக ஆரம்பித்தது ஒரு மணி நேரத்தில் பனியாக மாறுவதன் ரகசியம் இதுதான். இரண்டாவது, சராசரி என்ற சொல்லே ஏமாற்றுவது. வடக்கிலிருந்து குளிர்க்காற்று கடல்மேல் ஓடி வரும் நாட்களில் உயரத்தோடு வெப்பம் இறங்கும் வேகம் சராசரியைவிட அதிகம். ஆயிரம் மீட்டருக்கு 9.8 டிகிரி என்ற உச்ச வரம்பை அது நெருங்கினால் மூன்றரை என்பது ஐந்தாகிவிடும். அப்போது கீழே 4 டிகிரி என்றால் மேலே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு டிகிரி. ஒரே மலைச் சாலையில் இருபது நிமிடப் பயணத்தில் மழையிலிருந்து உறைநிலைக்குள் போய்விடலாம்.

இந்த விஷயத்துக்காகவே வாழ்நாளைச் செலவழித்த ஒரு மனிதர் உண்டு: கோர்டன் மேன்லி. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659 வரை பின்னோக்கித் தொகுத்துக் கொடுத்தவர் என்றுதான் வெளியுலகுக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1930-களில், டர்ஹாமில் ஆசிரியராக இருந்தபோது, டான் ஹில்லிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் பென்னைன் மேட்டில் வானிலைக் கருவிகளை வைத்தார். முதலில் மூர் ஹவுஸ் என்ற வேட்டை விடுதியில். பிறகு 1937-ல் 848 மீட்டர் உயர கிரேட் டன் ஃபெல் உச்சியில் ஒரு மரக் குடிசையில். ஊர் முழுக்க அடுப்போரம் ஒண்டும் பருவத்தில் அந்தக் குடிசைக்கு ஏறிப் போய்க் குறிப்பெடுத்தார். அந்த உச்சியின் தட்பவெப்பம் ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரக் கடல்மட்டத்தோடு ஒப்பிடத் தக்கது என்ற முடிவுக்கும் வந்தார். மேட்டுநில இங்கிலாந்து, அடிவார இங்கிலாந்தைச் சேர்ந்ததே அல்ல, வரைபடத்தில் மட்டும் பக்கத்தில் இருக்கிறது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். வடகிழக்குக் காற்று இந்த பென்னைன் மலைத்தொடரைத் தாண்டி மேற்குச் சரிவில் விழும்போது அதற்கு ஹெல்ம் என்று தனிப் பெயர். பிரிட்டனில் பெயர் வைத்துக் கூப்பிடும் காற்று அது ஒன்றுதான். ஆர்வென் இரவில் வீசியது ஹெல்ம் இல்லை, ஆனால் வந்த திசை அந்த வட்டாரத்துக்குப் பழக்கமான பகையாளியின் திசை.

"மூன்றடிப் பனி"

பப்பைச் சுற்றி மூன்றடிப் பனி என்று செய்திகள் எழுதின. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆய்வு அங்கேயே தடம் புரண்டுவிடும். வானத்திலிருந்து மூன்றடி விழவில்லை. காற்று வாரிக் குவித்த இடத்தில் மூன்றடி, சில இடத்தில் அதற்கும் மேல். நூறு மீட்டர் தள்ளி மூரின் திட்டில் புல் நுனி தெரிந்திருக்கும்.

மரமில்லாத வெளியில் விழும் பனி விழுந்த இடத்தில் இருப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கில் தரையோடு தரையாக ஓடி, காற்று தளரும் இடத்தில்தான் இறங்கும். காற்று எங்கே தளரும்? கல் சுவரின் மறுபக்கம், கட்டடத்தின் ஒதுக்குப்புறம், கரைக்குக் கீழே தாழ்ந்து போகிற சாலையில். மூர் முழுக்க ஒரு சாண் பனி விழுந்தால் போதும். காற்று அதைப் பெருக்கிக் கொண்டுபோய்ச் சாலையில் கொட்டிவிடும். சாலையும் வாசலும் மட்டும் மறைந்து சுற்றியுள்ள மேடு பாதி வெறுமையாகத் தெரிவது இதனால்தான். காற்றும் வழக்கமான தென்மேற்கிலிருந்து வரவில்லை என்பதால் குவியலும் பழகிய மூலைகளில் சேராது.

இன்னொன்று, காற்று குவிக்கும் பனி பஞ்சு அல்ல. ஓடும்போதே துகள்கள் உடைந்து நெருக்கமாக அடுக்கப்படும். புதிதாக விழுந்த பனியைவிட மூன்று மடங்கு அடர்த்தியாகிவிடும். கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்துப் பார்ப்போம். மூன்று மீட்டர் அகலச் சாலையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மீட்டர் தூரம் அடைத்தால் 45 டன். மண்வெட்டியோடு இறங்கும் பத்து பேர் முதுகு ஒடிந்து போவார்கள். இரவு முழுக்கத் தோண்டினாலும் காற்று நிற்காதவரை தோண்டிய குழி மறுபடி நிரம்பும். டான் ஹில் சாலையில் மின்கம்பிகளும் அறுந்து கிடந்தன. பனிக்குள் கம்பி எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாத சாலையில் யார் மண்வெட்டியை இறக்குவது, எந்த வண்டி போய் மோதுவது? சனிக்கிழமை வெயில் அடித்தாலும் சாலை திறந்திராது என்பதே என் கணிப்பு.

ஏன் ஏறிப் போனார்கள்?

"புயல் வருகிறது என்று தெரிந்தும் மலையுச்சிக் கச்சேரிக்குப் போவானேன்" என்று அன்று இணையத்தில் ஏகப்பட்ட நீதிபதிகள். கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிவப்பு எச்சரிக்கை காற்றுக்கு, பனிக்கு அல்ல. அது தீட்டப்பட்டது கடலோரத்துக்கு. டான் ஹில் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் உள்ளே. எல்லார் கண்ணும் சிவப்புக்குப் போனது. படத்தில் ஓரிடம் சிவப்பானால் மற்ற இடமெல்லாம் பாதுகாப்பு என்று மனசு எடுத்துக்கொள்கிறது, மனித சுபாவம். பருவத்தின் முதல் பெயரிட்ட புயல் வேறு. அந்தக் குளிர்காலத்தில் அதுவரை யாரும் சூடுபட்டிருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் சூரியன் மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். கச்சேரிக்குக் கிளம்பும்போதே இருட்டு, காரின் கண்ணாடியில் விழுவது மழையா பனியா என்று விளக்கு வெளிச்சத்தில்தான் தெரியும். ஏறும்போது சாலை ஓடும் நிலையில்தான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் அத்தனை பேர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். சாலை அடைபட்டது அவர்கள் உள்ளே இருந்தபோது, மூன்றாவது நான்காவது பாட்டு ஓடும்போது எப்போதோ.

முன்பருவப் பனியின் தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஜனவரியில் அந்த மேட்டுக்குப் போகிறவர் காரில் மண்வெட்டி, போர்வை, பிளாஸ்க் வைத்திருப்பார். சாலை நிர்வாகமும் முழு மூச்சில் இருக்கும். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா 950 மீட்டர் ஹெல்வெலின் சிகரத்துக்கு நாள்தோறும் ஒருவரை ஏற்றி, பனி எவ்வளவு, காற்று எப்படி என்று அறிக்கை வாங்குகிறது. உலகத்தில் அருமையான உத்தியோகம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்த உத்தியோகமே டிசம்பர் வாக்கில்தான் தொடங்கும். நவம்பர் 26 காலண்டரின் இடுக்கில் விழுந்த நாள்.

அதே இரவில் தெற்கே என்ன நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லங்காஷயரையும் யார்க்‌ஷயரையும் இணைக்கும் எம்62 நெடுஞ்சாலை இங்கிலாந்தின் உயரமான மோட்டார்வே; அதன் உச்சி 372 மீட்டர். டான் ஹில்லைவிட 150 மீட்டர் தாழ்வு. ஆறு தடம், உப்பு தூவும் வண்டிகள், கேமராக்கள், இடைவிடாத போக்குவரத்து எல்லாம் இருந்தும் ராச்டேல் அருகே சுமார் 120 லாரிகள் பனியில் சிக்கின. ஏற்றத்தில் ஒரு லாரி சக்கரம் சுழன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். நின்ற வரிசைக்குள் உப்பு வண்டி நுழைய முடியாது. அங்கே சாலையை அடைத்தது பனியும் வாகனங்களும் சேர்ந்து. டான் ஹில்லில் அடைத்தது காற்று. முன்னதை இரவோடு இரவாக, ஒரு வண்டி ஒரு வண்டியாக இழுத்துச் சரிசெய்யலாம். பின்னதற்குக் காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

பப் காப்பாற்றியது எதனால்?

டான் ஹில் ஊழியர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் எண்ண வேண்டும். அது வார இறுதிக்குச் சரக்கு ஏற்றிய உணவு விடுதி. சமையலறை, படுக்கையறைகள், குளிரைப் பழகிய தடித்த சுவர். குளிர்காலத்தில் அடைபடுவது அந்தக் கட்டடத்துக்குப் புதிதும் அல்ல. அறுபது பேருக்கு மூன்று நாள் சோறு போட அங்கே முடிந்தது. உடல்நலப் பிரச்சினை இருந்த ஒருவரை மலைமீட்புக் குழு வந்து வெளியே கொண்டுபோனது. மாட்டிக்கொண்டவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து அந்தக் குழுவுக்குக் கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் முழுக்க முழுக்கத் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. பாராட்டுச் செய்திகளில் இந்த வரி அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

கச்சேரி இரண்டு மணி நேரம் முன்னதாக முடிந்து, எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தால்? முதல் கார் தாழ்வில் புதைந்திருக்கும், பின்னால் இருபது கார்கள் நின்றிருக்கும், திரும்ப இடமில்லை, எஞ்சினை ஓடவிட்டுச் சூடு காய்ந்தால் பனி மூடிய புகைக்குழாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு நச்சுப் புகை உள்ளேயே திரும்பும். அறுபது பேர் உயிர் பிழைத்ததற்கு இசைக்குழுவின் பாட்டுப் பட்டியல் நீளமாக இருந்ததும் ஒரு காரணம் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். எனக்கு அது பாதிக்கு மேல் உண்மையாகவே படுகிறது.

திங்கட்கிழமை டான் ஹில்லிலிருந்து கார்கள் வரிசையாக இறங்கிப் போனபோது கேமராக்களும் கூடவே இறங்கிவிட்டன. வடகிழக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மின்கம்பி அறுந்த பண்ணை வீடுகள் அப்போதும் இருட்டில்தான் இருந்தன. அவற்றில் கச்சேரி இல்லை, சமையல்காரர் இல்லை, பல வீட்டில் கிணற்று மோட்டாரும் மின்சாரம் இல்லாமல் ஓடவில்லை. ஒரு வாரம் தாண்டியும் சுமார் நாலாயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் வரவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் டர்ஹாம், நார்தம்பர்லாந்து பக்கம் ராணுவ வீரர்கள் கதவு கதவாகத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். டிசம்பர் 7-ம் தேதி அடுத்த புயல் பாரா வந்தது, இந்த முறை வழக்கம்போல மேற்கிலிருந்து.